புதுப் பூனைக்குப் பச்சைக் கறி: ஆர்வத்தில் செய்துவிடும் தவறுகள்

பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு அதற்குப் பச்சைக் கறி வைக்கத் தொடங்குகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். ஆசைக்குக் காரணமும் உண்டு. பூனை இறைச்சியை நம்பியே வாழும் பிராணி. அதன் செரிமானம், பல், குடல் எல்லாமே அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கின்றன. ஆனால் கறியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், எப்போது தொடங்குகிறோம் என்பதில் நடக்கும் பிசகுகள் பூனையின் கண்ணையோ இதயத்தையோ பறித்துவிடக்கூடியவை. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அவசரம். புது வீட்டுக்கு வந்த பூனைக்குத் தெரிந்த வாசனை எதுவும் அங்கே இருக்காது. எங்கே ஒளிவது, யாரை நம்புவது என்பதே புரியாமல் கட்டிலடியில் கிடக்கும். அந்த நேரத்தில் தட்டிலும் தெரியாத பொருளை வைத்தால் கிட்டே வந்து முகர்ந்து பார்க்கும். பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைச் சுரண்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். ‘பசி வந்தால் தானாகத் தின்னும்’ என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பூனை சில நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும். குண்டான பூனைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். எனவே, முன்பு இருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் சில வாரங்களுக்குக் கொடுங்கள். அது உலர் உணவாக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பிடிக்காத வகையாக இருந்தாலும் சரி. பெரிய பூனை ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

வெறும் கறி முழு உணவு ஆகாது

இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். காட்டுப்பூனை பச்சையாகத்தானே தின்கிறது என்கிறார்கள். அது எலியைப் பிடித்தால் எலும்பு, ஈரல், இதயம், மூளை, ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துத் தின்கிறது. நாம் தட்டில் வைக்கும் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியில் இவற்றில் எதுவும் இல்லை.

கால்சியத்தையே எடுத்துக்கொள்வோம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. பூனைக்குத் தேவையான விகிதமோ ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, அல்லது கால்சியம் சற்று கூடுதல். ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதற்காக உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். வளரும் குட்டி சோபாவிலிருந்து குதித்தாலே கால் முறிவதற்கும், காரணமில்லாமல் நொண்டுவதற்கும் இது காரணமாகிறது. கறியை மட்டுமே ஆசையாய் ஊட்டி வளர்த்த குட்டிகளுக்குத்தான் இது நேர்கிறது என்பது வேதனையான விஷயம்.

அடுத்து டாரின் என்ற அமினோ அமிலம். பூனையின் உடம்பு இதைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் விழித்திரை சிதையும், இதயத் தசை மெலிந்து விரியும். டாரின் குறைபாட்டுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு 1987இல் உறுதியானது. அப்போது பாதிக்கப்பட்ட பூனைகள் தின்றுகொண்டிருந்தது வணிக ரீதியாகத் தயாரான உணவு. ஆலையில் செய்த உணவிலேயே அது போதாமல் போயிருக்கிறது என்றால், வீட்டில் கண்ணளவில் கலக்கும் உணவில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இதயம் போன்ற ஓயாமல் உழைக்கும் தசைகளில் டாரின் அதிகம், வெள்ளை நெஞ்சுக்கறியில் குறைவு. உறைந்த கறி உருகும்போது வடியும் சாற்றோடும் கொஞ்சம் போய்விடும். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள்.

சத்து வேண்டும் என்று ஈரலை அள்ளிப் போடுவது எதிர்த்திசைத் தவறு. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். மாதக்கணக்கில் அதையே தின்றால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூனையால் தலையைத் திருப்பித் தன் முதுகைக்கூட நக்க முடியாமல் போகும். பச்சை மீன் வேறு விதமான தொல்லை. பல மீன்களில் தயமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, அழிக்கும் நொதி இருக்கிறது. தயமின் குறைந்த பூனை தலை தொங்கி, தாடை நெஞ்சைத் தொடும்படி குனிந்து நிற்கும். தள்ளாடும், வலிப்பும் வரலாம். இது அவசர சிகிச்சைக்குரிய நிலை.

நாய்க்கான பச்சை உணவைப் பூனைக்குப் பகிர்வது, வெங்காயம் பூண்டு சேர்ந்த குழம்பைக் கறியில் ஊற்றுவது, பச்சைப் பன்றிக்கறி கொடுப்பது மூன்றும் கூடவே கூடாது.

கடையில் வாங்குவதாக இருந்தால் பொட்டலத்தின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். பூனைக்கான முழுமையான, சமச்சீர் உணவு என்று இருக்க வேண்டும். எந்த வயதுக்கு என்றும் இருக்க வேண்டும். ‘துணை உணவு’ என்றிருந்தால் அது தின்பண்டத்துக்குச் சமம். வீட்டில் தயாரிப்பதாக இருந்தால் இணையத்தில் கிடைக்கும் குறிப்பை நம்பாமல், விலங்கு உணவியல் படித்த கால்நடை மருத்துவரிடம் உங்கள் பூனைக்கென்றே கேட்டு வாங்குங்கள். குறிப்பில் உள்ள ஒரு பொருளைக்கூட உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள்.

ஃப்ரீசர் காப்பாற்றும் என்ற நம்பிக்கை

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பரவலான தவறு. நல்ல குளிரில் பல நாள் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் எல்லாம் தூங்கும், அவ்வளவுதான், உருகியதும் விழித்துக்கொள்ளும். உறைய வைத்து உலர்த்திய உணவும் பச்சை உணவே, அது பார்க்கப் பிஸ்கெட் போல இருப்பதால் பலர் கையைக் கழுவுவதுகூட இல்லை. வைரஸும் உறைய வைப்பதால் செத்துவிடாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் வீட்டை விட்டு வெளியே போகாத ஒரு பூனை எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. அது தின்ற உறைந்த பச்சை வான்கோழி உணவில் இருந்த வைரஸும் அதன் உடம்பில் இருந்த வைரஸும் மரபணுச் சோதனையில் ஒன்றாகவே இருந்தன.

பூனை நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. எந்த அறிகுறியும் காட்டாமலே மலத்தின் வழியாகச் சால்மோனெல்லாவைப் பரப்பும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் பச்சைக் கறி வேண்டாம் என்பதே என் கருத்து. சின்னக் குட்டிக்கும் நோய் எதிர்ப்பு குறைந்த பூனைக்கும் வேண்டாம். பச்சைக் கறியிலிருந்து நாம் எதிர்பார்ப்பது இறைச்சிப் புரதமும் ஈரப்பதமும்தான். தரமான டின் உணவில் இரண்டும் இருக்கின்றன.

எல்லாம் யோசித்தும் தொடங்குவது என்று முடிவானால், பூனைக்கு மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகம் பழுதான பூனைக்குப் பாஸ்பரஸ் மிகுந்த உணவு கெடுதல். பழைய உணவை நிறுத்தாமல், பக்கத்திலேயே தனித் தட்டில் ஒரு சிட்டிகை புதியதை வையுங்கள். ஏற்றுக்கொண்டால் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிட்ட கறியைப் பல பூனைகள் தொடாது. பையோடு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்துக் கொடுங்கள். உருக வைப்பதை ஃப்ரிட்ஜுக்குள் செய்யுங்கள், சமையல் மேடையில் வேண்டாம். அரைமணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட்டுத் தட்டைச் சோப்பும் சுடுநீரும் போட்டுக் கழுவுங்கள். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், எனவே கொடுக்கவே கூடாது.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்தாலோ, மலம் கழிக்க முக்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். போகும்போது பூனை பச்சைக் கறி தின்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை முடிவை அவர் சரியாகப் படிக்கவும், மருத்துவமனையில் மற்ற விலங்குகளுக்குக் கிருமி பரவாமல் பார்த்துக்கொள்ளவும் அந்தத் தகவல் அவருக்குத் தேவை.