அஃபிலியேட் லிங்க்கை கட்டுரைல எங்க, எப்படி போடணும்

அஃபிலியேட் லிங்க்னா, அது வழியா யாராவது பொருள் வாங்கினா கடைக்காரங்க உங்களுக்குக் கமிஷன் தர்ற லிங்க், இப்படிக் கமிஷன் தர்ற திட்டத்தைத்தான் அஃபிலியேட் ப்ரோக்ராம்னு சொல்வாங்க. முதல்ல கட்டுரையை லிங்க்கே இல்லாம எழுதி முடிங்க. லிங்க் எல்லாம் அப்புறம். எந்தப் பொருளுக்கு கமிஷன் ஜாஸ்தின்னு பாத்துட்டு எழுத உட்கார்ந்தா கை தானா அந்தப் பக்கமே இழுக்கும், நல்லா இல்லாததைக்கூட "பரவாயில்ல"ன்னு எழுத வைக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு தடவை வீடியோ எடுக்கிறது பத்தி எழுதும்போது சட்டைல குத்திக்கிற சின்ன மைக் ஒண்ணை சிபாரிசு பண்ணேன். நான் அதைக் கையால தொட்டதுகூட இல்ல, கடைப் பக்கத்துல நல்ல ரிவ்யூவா இருந்துச்சு, அதை நம்பி "போன்ல சொருகுனா போதும்"னு எழுதிட்டேன். வாங்கின ஒருத்தங்க மெசேஜ் பண்ணாங்க, போன்ல சொருகியும் மைக் எடுக்கவே இல்ல, வீடியோல ரூம் சத்தம்தான் கேக்குதுன்னு. மைக்கோட சொருகுற பின்னை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாத்தா அதுல ரெண்டு கருப்பு வளையம்தான் இருக்கு, அது கேமராவுக்கான பின். போனுக்குன்னா மூணு வளையம் இருக்கணும், இல்லன்னா அடாப்டர் வேணும். அதைக் கையில வச்சு ஒரே ஒரு தடவை சொருகிப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். அந்தக் கமிஷன் எனக்கு வந்துச்சு, அதை நினைச்சா இப்பவும் மனசு உறுத்துது. அதுக்கப்புறம் நான் பயன்படுத்தாத பொருளுக்கு லிங்க் போடுறதே இல்ல, போட்டே ஆகணும்னா "நான் இதைப் பயன்படுத்தல, இன்ன காரணத்துக்காக லிஸ்ட்ல சேத்திருக்கேன்"னு அங்கயே எழுதிடுறேன்.

இந்த லிங்க் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈஸியா புரியும். லிங்க்கோட வால்ல உங்க ஐடி ஒட்டிக்கிட்டு இருக்கும், வாசகர் க்ளிக் பண்ணதும் அவங்க பிரவுசர்ல ஒரு குக்கீ, அதாவது அவங்க உங்க லிங்க் வழியா வந்தவங்கன்னு ஞாபகம் வச்சுக்கிற ஒரு சின்னக் குறிப்பு, உட்கார்ந்துக்கும், குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அவங்க வாங்கினா அது உங்க கணக்குல சேரும். அமேசான்ல இந்த நேரம் 24 மணி நேரம், மத்த ப்ரோக்ராம்ல நாள் கணக்கு, மாசக் கணக்குன்னு மாறும். பொதுவா வாசகருக்கு விலை கூடாது, கமிஷன் கடைக்காரங்க கொடுக்கிறதுதான். இதையும் வாசகருக்குச் சொல்லிடுங்க, நிறைய பேர் லிங்க் வழியா போனா விலை ஏறும்னு நினைச்சுட்டு இருக்காங்க.

எழுதி முடிச்சாச்சு, இப்ப லிங்க் எங்க போடுறது? வாசகர் படிச்சுட்டு வந்து "சரி, இது எனக்கு ஒத்து வரும்"னு முடிவு பண்ற இடம் ஒண்ணு இருக்கும்ல, அங்க. பொருளோட பேர் வர்ற இடத்துல எல்லாம் லிங்க் போட்டா பத்தி முழுக்க நீலக் கலராகி படிக்கிறவங்களுக்கு எரிச்சல்தான் வரும். ஒரு பொருளுக்கு ஒரு லிங்க், கட்டுரை ரொம்ப நீளம்னா கடைசில இன்னொண்ணு, எனக்கு அது போதும்னு படுது.

வாக்கியத்தையும் கவனிங்க. "சூப்பரான ட்ரைபாட், உடனே வாங்க இங்க க்ளிக் பண்ணுங்க"ன்னு போட்டா அதுல ஒரு தகவலும் இல்ல. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "இந்த ட்ரைபாட் பையில அடங்கிடும், போனுக்கு கச்சிதமா இருக்கும், ஆனா பெரிய லென்ஸ் போட்ட கேமராவை வச்சா தலைப்பக்கம் மெதுவா சாயுது." ட்ரைபாட் பேர்ல லிங்க். இதைப் படிச்சுட்டு பெரிய கேமரா வச்சிருக்கிறவங்க வாங்க மாட்டாங்க, அது நல்லதுதான், வாங்கியிருந்தா ரிட்டர்ன் பண்ணியிருப்பாங்க, ரிட்டர்ன் ஆச்சுன்னா பொதுவா கமிஷனும் போயிடும். இருக்கிறதுலயே நல்ல பொருளுக்கு அஃபிலியேட் ப்ரோக்ராம் இல்லன்னாலும் அதையே சொல்லுங்க, சாதா லிங்க் போடுங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம், கமிஷன் வர்றதை மறைக்காம சொல்றது. முதல் லிங்க்குக்கு மேல, கட்டுரையோட அதே சைஸ் எழுத்துல. பக்கத்தோட அடியில சாம்பல் கலர்ல பொடி எழுத்துல போடுறதும், "எங்களைப் பற்றி" பக்கத்துல ஒளிச்சு வைக்கிறதும் சொல்லாததுக்குச் சமம். அமெரிக்காவோட எஃப்டிசி, அதாவது அங்க நுகர்வோர் பாதுகாப்பைப் பாத்துக்கிற அரசு அமைப்பு, வெறும் "அஃபிலியேட் லிங்க்"ங்கிற வார்த்தை மட்டும் போதாதுன்னே சொல்லுது, படிக்கிறவங்க பல பேருக்கு அதோட அர்த்தம் புரியாது. நான் போடுறது இதுதான்: "இந்தக் கட்டுரைல இருக்கிற சில லிங்க் வழியா நீங்க ஏதாவது வாங்கினா கடைக்காரங்க எனக்கு ஒரு சின்ன கமிஷன் தருவாங்க, உங்களுக்கு விலை கூடாது." அமேசான் மாதிரி சில ப்ரோக்ராம் அவங்க சொல்ற வாசகத்தைத் தனியா போடச் சொல்வாங்க, அதையும் விட்டுடாதீங்க. உங்க நாட்டுச் சட்டம் என்ன கேக்குதுன்னும் ஒரு தடவை பாத்துடுங்க.

டெக்னிக்கலா ஒரே ஒரு வேலை. லிங்க்கோட ஹெச்டிஎம்எல்ல, அதாவது பக்கத்துக்குப் பின்னாடி இருக்கிற கோடுல, ரெல்ங்கிற இடத்துல ஸ்பான்சர்டுன்னு (rel="sponsored") சேக்கணும், இது காசு சம்பந்தப்பட்ட லிங்க்னு கூகுளுக்குச் சொல்ற குறி அது. 2019ல கூகுள் இதைக் கொண்டு வந்துச்சு, அதுக்கு முன்னாடி நோஃபாலோ (nofollow, இந்த லிங்க்கை ரேங்க் கணக்குல சேக்க வேணாம்னு சொல்ற குறி) மட்டும்தான், இப்பவும் நோஃபாலோ போட்டாலும் ஏத்துக்கிறாங்க. ரெண்டும் இல்லாம விட்டா காசு வாங்கிட்டு அதைச் சொல்லாம போட்ட லிங்க்னு கூகுள் எடுத்துக்கிட்டு தேடல்ல உங்க பக்கத்தோட ரேங்க்கைக் குறைக்க வாய்ப்பிருக்கு. அதே மாதிரி கடைல இருக்கிற விவரத்தை அப்படியே காப்பி பண்ணி லிங்க் மட்டும் போட்ட பக்கத்தை அவங்க ஸ்பேம் கணக்குலதான் வைக்கிறாங்க.

விலையைக் கையால டைப் பண்ணாதீங்க, நாளைக்கே மாறிடும், அமேசான்ல அது விதிப்படி தப்பும்கூட. அங்க இருக்கிற வாடிக்கையாளர் ரிவ்யூவையும் அள்ளிப் போடாதீங்க. எந்தக் கடைக்குப் போகுதுன்னு தெரியாத மாதிரி லிங்க்கைச் சுருக்கி மறைக்காதீங்க. உங்க லிங்க்ல நீங்களே வாங்குறது, "எனக்கு உதவ இந்த லிங்க்ல வாங்குங்க"ன்னு கெஞ்சுறது, இதெல்லாம் பல ப்ரோக்ராம்ல கணக்கையே மூட வச்சிடும். ஈமெயில்லயும் பிடிஎஃப்லயும் லிங்க் போடலாமான்னு அவங்கவங்க விதியைப் படிச்சுட்டுப் போடுங்க.

போட்டதோட முடிஞ்சதுன்னு இல்ல. பொருள் நின்னுடும், லிங்க் செத்துடும், சில சமயம் அதே பக்கத்துல வேற மாடல் வந்து உட்கார்ந்திருக்கும், நீங்க பாராட்டினது ஒண்ணு அவங்க வாங்கினது ஒண்ணுன்னு ஆயிடும். நான் ஒரு ஷீட்ல கட்டுரைப் பேர், பொருள், கடைசியா க்ளிக் பண்ணிப் பாத்த தேதின்னு மூணு நெடுவரிசை வச்சு மூணு மாசத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பாக்குறேன், மாறியிருந்தா லிங்க்கைத் தூக்கிட்டு அந்தப் பத்தியையும் திருத்திடுறேன்.