கோடிங் பூட்கேம்ப் தொடங்குபவர்கள் இலக்கு வகுப்பதிலும் சுயபரிசீலனையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடிங் பூட்கேம்ப் எனப்படும், நிரலெழுதக் கற்பிக்கும் தீவிரப் பயிற்சிகள் பெரும்பாலும் 12 முதல் 24 வாரங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. அவற்றில் பலவும் முதல் நாளிலோ அதற்கு முன்போ ஒரு தாளை நிரப்பச் சொல்கின்றன. ஏன் சேர்ந்தீர்கள், முடியும்போது என்ன செய்ய விரும்புகிறீர்கள், உங்கள் பலம் எது, பலவீனம் எது என்பவை அதிலுள்ள கேள்விகள். மடிக்கணினியில் மென்பொருள்களை நிறுவும் அவசரத்தில் இந்தத் தாள் ஒரு சம்பிரதாயமாக நிரப்பப்படுகிறது. பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. ஆனால் ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் தடுமாறும் மாணவர்களுடைய நிலையை ஆராய்ந்தால், பாடத்தின் கடினம் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு அந்தத் தாளில் இலக்கை எழுதிய விதமும், அதன்பின் தம்மை மதிப்பிட்டுக்கொண்ட விதமும் காரணமாக இருப்பது தெரியவரும். வார இறுதியில் செய்யும் பரிசீலனை அடுத்த வாரத்தின் கால அட்டவணையில் எதையேனும் மாற்ற வேண்டும். இலக்கும் அப்படி மாற்றுவதற்கு இடம் தரும் வகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கீழே பேசப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இணைப்பு அறுந்துபோவதால் நேர்பவை.

வேலையை மட்டுமே இலக்காக எழுதுவது

“ஆறு மாதத்தில் டெவலப்பர் வேலை” என்பதுதான் பெரும்பாலோர் எழுதும் முதல் வரி. அந்த ஆசையில் தவறில்லை. பணத்தையும் காலத்தையும் செலவழித்துச் சேர்பவர் வேலையை நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் வேலை கிடைப்பது நிறுவனங்களின் தேவை, பொருளாதாரச் சூழல், நேர்காணல் செய்பவரின் விருப்பம் எனப் பலவற்றைப் பொறுத்தது. பயிற்சி நிறுவனங்களுக்கே நிலைத்தன்மை உறுதியில்லை: 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி இத்துறைக்கு முன்னோடியாக விளங்கிய டெவ் பூட்கேம்ப், 2017-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. வேலை என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மூன்றாவது வாரத்தின் வெள்ளிக்கிழமையன்று ஒருவர் தன்னை என்னவென்று பரிசீலிப்பார்? வேலை இன்னும் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அந்த வரி அவருக்கு எதையும் சொல்லாது.

லியென் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பிரிவினர், நல்ல மதிப்பெண் பெற்று மகிழ்வதை நாள்தோறும் சில நிமிடங்கள் கற்பனை செய்தார்கள். மற்றொரு பிரிவினர், அந்த மதிப்பெண்ணுக்காக எங்கே, எப்போது, எப்படி உட்கார்ந்து படிக்கப் போகிறோம் என்பதைக் கற்பனை செய்தார்கள். வழிமுறையைக் கற்பனை செய்தவர்களே நன்றாகத் தயாராகி, கூடுதல் மதிப்பெண்ணும் பெற்றார்கள். வேலைக்கான ஆணையைக் கையில் வாங்கும் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்ப்பதும், பிழை வந்தவுடன் முதலில் எந்தக் கோப்பைத் திறப்பேன் என்று எண்ணிப் பார்ப்பதும் ஒரே பயனைத் தருவதில்லை.

ஆகவே பயிற்சிக் காலத்துக்கான இலக்கை, பிறர் உதவியின்றி என்ன செய்ய முடியும் என்ற வடிவில் எழுதுவது நல்லது. “ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியைக் கற்க வேண்டும்” என்பது எப்போது முடிந்தது என்று சொல்ல இயலாத இலக்கு. “ஓர் ஏபிஐயிலிருந்து (ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் தரவைக் கேட்டுப் பெறும் வாயில்) தரவைப் பெற்று, அது வந்து சேரும்வரை காத்திருக்கும் நிலையையும் இணைப்பு தோல்வியடையும் நிலையையும் கையாண்டு, அதைப் பட்டியலாகக் காட்டும் ஒரு பக்கத்தை டுடோரியல் எதையும் பார்க்காமல் எழுத வேண்டும்” என்பது, முடிந்ததா இல்லையா என்று ஒரே மாலையில் சோதித்துவிடக்கூடிய இலக்கு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அது பலருடைய கண்ணில் படுவதில்லை. எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் 1990-இல் விரிவாக முன்வைத்த இலக்குக் கோட்பாடு, தெளிவும் கடினமும் கொண்ட இலக்குகள் செயல்திறனை உயர்த்துகின்றன என்று கூறுகிறது. இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, “முதல் மாதத்தில் ஐந்து செயலிகள்” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒருவருக்கு வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும் கட்டத்தில், எண்ணிக்கையை முன்வைக்கும் இலக்கு அவரைப் பதற்றப்படுத்திக் கற்றலைக் குறைக்கக்கூடும் என்பதையும், அத்தகைய கட்டத்தில் ஒரு சிக்கலைத் தீர்க்கும் வழிகளைக் கண்டறிவதையே இலக்காக வைப்பது மேலான பலன் தருகிறது என்பதையும் லேதமும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னர் நடத்திய ஆய்வுகள் காட்டின. ஐந்து செயலிகள் என்று எழுதியவர், நான்காவது செயலியை டுடோரியலிலிருந்து படியெடுத்தாவது எண்ணிக்கையை நிரப்புவார். “ஒரே பட்டியலை வரிசைப்படுத்த மூன்று வழிகளை எழுதி, அவை எங்கே வேறுபடுகின்றன என்று விளக்க வேண்டும்” என்று எழுதியவருக்குப் படியெடுப்பதால் லாபம் எதுவும் இல்லை. எண்ணிக்கை இலக்குகளைப் பயிற்சியின் பிற்பகுதிக்கு, அடிப்படை கைவந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தை நம்பிக்கையால் அளப்பது

முழுநேரப் பயிற்சியில் சேர்பவர்கள்கூட, வகுப்புக்கு வெளியே கிடைக்கும் நேரத்தை அளவுக்கு மீறி மதிப்பிடுகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே மாலைப் பயிற்சிக்கு வருபவர்களின் கணக்கு இன்னும் தளர்வானது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் இந்தப் போக்கைத் திட்டமிடலில் நேரும் பொதுவான பிழையாக விவரித்தார்கள். 1994-இல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் அது முடிய எத்தனை நாளாகும் என்று கேட்டபோது, சராசரியாக 33.9 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாமே மிக மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி 48.6 நாள். அதாவது, அவநம்பிக்கையோடு போட்ட கணக்கும் போதவில்லை.

இதற்கு மருந்து, கடந்த வாரம் உண்மையில் செலவழித்த மணிகளை எழுதி, அந்த எண்ணைக் கொண்டு அடுத்த வாரத்தைத் திட்டமிடுவது. வாரத்துக்கு 20 மணி நேரம் என்று திட்டமிட்டவருக்கு 11 மணி நேரமே கிடைத்திருந்தால், அடுத்த வாரத் திட்டம் 11 மணி நேரத்துக்கே போடப்பட வேண்டும். விட்டுப்போன ஒன்பதையும் சேர்த்து 29 என்று எழுதுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். “தினமும் பயிற்சி செய்வேன்” என்ற உறுதிமொழியைவிட, பீட்டர் கோல்விட்ஸர் ஆராய்ந்த முறையில் “இன்ன வேளையில், இன்னது நேர்ந்தவுடன், இதைச் செய்வேன்” என்று கட்டியெழுதும் திட்டம் உறுதியாக நிற்கிறது: “இரவு உணவு முடிந்து மேசைக்கு வந்தவுடன், முந்தைய நாள் நின்றுபோன கோப்பைத் திறப்பேன்.” வீட்டில் இருப்பவர்களிடம் அந்த வேளையை முன்கூட்டியே சொல்லிவைக்காதவர்கள் இரண்டாவது வாரத்திலேயே அதை இழந்துவிடுகிறார்கள்.

மனநிலையைப் பரிசீலனை என்று எண்ணுவது

சுயபரிசீலனை எழுதச் சொன்னால், “இந்த வாரம் கடினமாக இருந்தது, ஆனாலும் நிறையக் கற்றேன், இன்னும் முயல வேண்டும்” என்ற மூன்று வரிகளே பெரும்பாலான குறிப்பேடுகளில் காணக்கிடைக்கின்றன. இந்த மூன்று வரிகளை எந்த வாரத்துக்கு வேண்டுமானாலும், எந்தப் பாடத்துக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதே அவற்றின் குறை. உணர்வுகளை எழுதுவது மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால் கற்றது எவ்வளவு என்ற கேள்விக்கு உணர்வு நம்பகமான சாட்சி ஆகாது.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களைவிட ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்தவர்களுக்கு ஏறத்தாழ 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தன. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்களோ திரும்பப் படித்தவர்கள்தான். பயிற்றுநர் திரையில் கோட் எழுதுவதைப் பார்த்து, கூடவே தட்டச்சு செய்து, அது ஓடுவதையும் கண்டு “புரிந்துவிட்டது” என்று குறிப்பேட்டில் எழுதும் மாணவர் இந்த முதல் பிரிவைச் சேர்ந்தவர்.

எனவே பரிசீலனைக்கு அமரும்போது முதலில் சான்றுகளைத் திறக்க வேண்டும். அந்த வாரத்தின் கிட் கமிட் வரலாறு (கோடில் செய்து சேமித்த மாற்றங்களின் பதிவு), அதிக நேரம் நின்றுபோன பிழைச் செய்திகள், தேடுபொறியில் தேடியவை ஆகியவை போதும். அடுத்து, மூன்று நாள்களுக்கு முன் எழுதிய ஏதேனும் ஒரு ஃபங்ஷனை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதி), பழைய கோப்பை மூடிவிட்டு வெற்றுக் கோப்பில் மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும். எங்கே கை நிற்கிறதோ அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். உதாரணமாக, பயனுள்ள ஒரு குறிப்பு இப்படி அமையும்: “தரவைக் கோரும் ஃபெட்ச் கட்டளையை அழைத்தவுடன் தரவு கையில் வந்துவிடும் என்று எண்ணினேன். வந்தது ப்ராமிஸ், அதாவது தரவு பின்னர் வரும் என்ற வாக்குறுதி மட்டுமே. அது நிறைவேறுமுன் அடுத்த வரி ஓடியதால் பட்டியல் காலியாக இருந்தது. பட்டியலைக் காட்டும் பகுதியில் தவறு இருப்பதாக நினைத்து இரண்டு மணி நேரம் அங்கேயே தேடினேன். அடுத்த முறை, ஒரு மாறியை நம்புமுன் அதன் மதிப்பை அச்சிட்டுப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை, தரவு வரும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் இல்லாமலும் அதைச் சேர்த்தும் இரண்டு சிறு நிரல்கள் எழுதி வேறுபாட்டைப் பார்ப்பேன்.” இதில் தான் கொண்டிருந்த தவறான ஊகம், உண்மை நிலை, தேடிய இடம் ஏன் தவறு என்பது, அடுத்த வாரத்தின் வேலை ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. எழுதப் பத்து நிமிடம் ஆகலாம். அதற்கு மேல் நீட்டுவது கோட் எழுதும் நேரத்தைத் தின்பதாகவே முடியும். பரிசீலனைக் குறிப்பை அழகுபடுத்துவதில் மூழ்கிப் பயிற்சியைத் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் இத்துடன் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கருவி தந்து நான் ஏற்றுக்கொண்ட வரிகளில், ஏன் இருக்கிறது என்று என்னால் விளக்க முடியாத வரி எது? ஓடுகின்ற, ஆனால் எழுதியவருக்கே புரியாத கோட் நிறைந்த ப்ராஜெக்ட், கமிட் வரலாற்றில் பெரும் முன்னேற்றம்போலத் தோற்றமளிக்கும்.

பயிற்றுநர் படிப்பார் என்பதற்காக அவர் விரும்பக்கூடியதை எழுதுவது இன்னொரு பழக்கம். சமர்ப்பிக்கும் குறிப்பு ஒன்றும், தனக்கான குறிப்பு ஒன்றும் வைத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும்.

அருகில் இருப்பவரை அளவுகோலாக்குவது

ஒரு வகுப்பில் முன்பே நிரலெழுதிப் பழகியவர், கணிதப் பின்னணி உள்ளவர், கணினியை அலுவலக வேலைக்கு மட்டும் பயன்படுத்தியவர் எனப் பலரும் ஒன்றாக அமர்கிறார்கள். முதல் வாரத்தில் வேகமாகக் கை உயர்த்துபவரைப் பார்த்துத் தன் இலக்கைக் குறைத்துக்கொள்வதும், அவருக்கு ஈடாகக் காட்டிக்கொள்ளக் கேள்வி கேட்காமல் இருப்பதும் ஒரே அளவு சேதம் விளைவிப்பவை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு முன் தான் எழுதிய கோடோடு ஒப்பிடலாம். அதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தால் முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது.

இதையொட்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். போலியாளர் உணர்வு என்ற கருத்தை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் 1978-இல் முன்வைத்தபோது, அவர்கள் பேசியது சாதனை புரிந்திருந்தும் தம் தகுதியை நம்ப இயலாத பெண்களைப் பற்றி. இன்று பூட்கேம்ப் வகுப்பறைகளில், எதைப் புரிந்துகொள்ளாவிட்டாலும் உடனே இந்தப் பெயரைச் சூட்டிச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே மீண்டும் அழைப்பது) புரியாதவருக்கு ரிகர்ஷன் புரியவில்லை, அவ்வளவுதான். அதை உளச்சிக்கலாகப் பெயர்மாற்றினால், உட்கார்ந்து படித்துத் தீர்க்க வேண்டிய ஓர் இடைவெளி ஆறுதல் வார்த்தைகளுக்குள் மறைந்துபோகிறது.

இலக்கைத் தொடவே தொடாமலிருப்பதும், வாரந்தோறும் மாற்றுவதும்

முதல் நாள் எழுதிய இலக்கை இறுதிவரை புனிதமாக வைத்திருப்பது ஒரு தவறு. ஃபிரண்ட் எண்ட் (பயனர் காணும் பக்கங்களை உருவாக்கும் வேலை) என்று எழுதிச் சேர்ந்தவருக்குத் தரவுத்தளத்தோடு வேலை செய்வதே பிடித்துப்போகலாம். கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை நிரல்களை எழுதுவதில் தனித் திறமை இருப்பது தெரியவரலாம். மறுபுறம், திங்களன்று ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் கடினமாக இருக்கிறது என்பதற்காகப் புதனன்று பைத்தான் மொழிக்குத் தாவி, அதில் பிழைகள் பெருகியதும் டேட்டா சயன்ஸ் என்று பேசத் தொடங்குபவர், தன்னை ஆராய்ந்து மாற்றிக்கொள்வதாகவே நினைத்துக்கொள்கிறார். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: சிக்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் திசையை மாற்றும் முடிவை எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது. 12 வாரப் பயிற்சியென்றால் நான்காவது, எட்டாவது வாரங்களின் முடிவை இலக்கைத் திருத்தும் நாள்களாக முன்கூட்டியே குறித்துவிடலாம். இடையில் தோன்றும் ஆசைகளை ஒரு பட்டியலில் எழுதிவைத்து அந்த நாளில் பார்த்தால், பாதி ஆசைகள் அதற்குள் தாமாகவே வலுவிழந்திருக்கும்.

இலக்கைத் திருத்தும் முதல் நாளைக் குறிக்கும்போது மட்டும் பயிற்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பொதுவாக ஒரு கடைசித் தேதி இருக்கும். வேலை கிடைத்தபின் வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தும் ஒப்பந்தங்களிலும், எந்தக் கட்டத்தில் விலகினால் எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற விதிகள் இருக்கும். தனக்கு நாள் முழுவதும் கோட் எழுதுவது பிடிக்கவில்லை என்பதும் சுயபரிசீலனையில் வெளிப்படக்கூடிய ஒரு நேர்மையான முடிவுதான். அது அந்தத் தேதிக்கு மறுவாரம் வெளிப்பட்டால் விலை அதிகம். ஆகவே, பணம் திரும்பக் கிடைக்கும் காலக்கெடுவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, நான்காவது வாரத்துக்கு முன்பே ஆனாலும், அந்த முதல் நாள் அமைய வேண்டும். அன்று தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை: யாரும் கேட்காமலே ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு நேரம் போனது தெரியாமல் இருந்த நாள் இதுவரை உண்டா? திட்டமிட்ட மணிகளில் எத்தனை உண்மையில் கிடைத்தன? இந்த வேகத்தில் போனால் முதல் தாளில் எழுதியவற்றில் எவற்றை அடுத்த நான்கு வாரத்துக்கு வைத்துக்கொண்டு, எவற்றை நீக்க வேண்டும்?