பாய்லர் ஸ்க்ரப்பர் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் சாயப்பட்டறைகளிலும் காங்கேயம் அரிசி ஆலைகளிலும் விறகு, உமி, முந்திரித்தோல் எரிக்கும் சின்ன பாய்லர்கள் ஏராளம். புகையைக் கழுவ, அதன்மேல் தண்ணீர் தெளித்துத் தூசியைப் பிடிக்கும் வெட் ஸ்க்ரப்பர் வைக்கிறார்கள். புகைபோக்கியில் கறுப்பு தெரியவில்லை என்றதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். புகையில் இருந்த தூசியும் உப்பும் உலோகமும் கீழே தொட்டித் தண்ணீரில்தான் இருக்கின்றன.

‘சாம்பல் தண்ணிதானே, தென்னைக்கு விடலாம்’ என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற பேச்சு. அடுப்பின் அடியில் அள்ளுகிற நல்ல விறகுச் சாம்பல் வேறு, ஸ்க்ரப்பர் சேறு வேறு. காட்மியம், ஈயம், துத்தநாகம் போன்றவை அடுப்புச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது மிக நுண்ணிய தூசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசியைத்தான் ஸ்க்ரப்பர் பிடிக்கிறது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எல்லாம் அடுப்பில் போனால் நிலைமை இன்னும் மோசம். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் அந்தச் சேற்றை வயலில் கொட்டவே கூடாது.

அடுத்தது சுண்ணாம்பு. ஸ்க்ரப்பரில் சுற்றுகிற தண்ணீரிலேயே அள்ளிப் போட்டு பிஎச்சை (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 10-க்கு ஏற்றுவார்கள். புகையில் கரியமில வாயு ஏராளமாக இருக்கிறது. போட்ட சுண்ணாம்பை அதுவே தின்றுவிடும். மிச்சம் கல்லாக உறைந்து, தண்ணீர் தெளிக்கும் நாசிலை அடைக்கும். சுற்றுத் தண்ணீர் 6, 7 என்ற அளவில் இருந்தால் போதும், அமில வாயுக்கள் அதிலேயே கரையும். உலோகத்தைப் படியவைக்கும் வேலையைத் தனித்தொட்டியில் செய்யுங்கள். அங்கே 9.5 முதல் 10 வரை ஏற்றலாம். 11-ஐத் தாண்டினால் படிந்த துத்தநாகமும் ஈயமும் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். தெளிந்த தண்ணீரை வடிகட்டிய பிறகுதான் அமிலம் விட்டு 9-க்குக் கீழே இறக்க வேண்டும். சேறு கிடக்கும்போதே அமிலம் விட்டால் அதுவரை செய்தது அத்தனையும் வீண்.

தொட்டியில் தண்ணீர் 50, 60 டிகிரி சூட்டில் வந்து விழும். அந்தச் சூட்டில் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே புரண்டுகொண்டிருக்கும், தூசி படியாது. எரியாத கரித்தூள் மேலே மிதக்கும். மேலே வழிகிற தண்ணீரை அப்படியே எடுத்தால் கரியும் கூடவே வரும். முதலில் ஆறவிட்டு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்து, மிதக்கும் கரிக்குக் கீழிருந்து எடுங்கள். தூசியைத் திரட்டிப் படியவைக்கும் ஆலம் (படிகாரம்) எவ்வளவு என்பதை ஊகித்துப் போட வேண்டாம். நாலைந்து கண்ணாடிக் குடுவைகளில் ஒரு லிட்டர் ஒரு லிட்டராக எடுத்து, அளவை மாற்றி மாற்றிக் கலக்கி, அரை மணி நேரம் வைத்தாலே எது தெளிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். விறகு மாறினால் மறுபடி பார்க்க வேண்டும்.

தண்ணீரை வெளியே விடவே மாட்டேன், சுற்றவிடுகிறேன் என்பாரும் உண்டு. ஆவியாகப் போவது வெறும் நீர். குளோரைடும் பொட்டாசியமும் தங்கிப் பெருகும். சுண்ணாம்பு இவற்றைத் தொடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரப்பரில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழ ஆரம்பிப்பது இதனால்தான். தினமும் கொஞ்சம் கழிக்கத்தான் வேண்டும்.

சரி, கழித்ததைச் சாயத் தண்ணீரோடு சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்துவிடலாமா? கழிவுநீரை வெளியே விடாத பட்டறைதான் ஓடலாம் என்று 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு, திருப்பூர் பட்டறைகள் ஆர்ஓ (சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் கருவி), எவாப்பரேட்டர் (மிச்ச உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் கருவி) எல்லாம் போட்டுத்தான் ஓடுகின்றன. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காரம் கூடிய தண்ணீரில் அது கரைந்து போய் ஆர்ஓ சவ்வில் படியும். முந்திரித்தோலில் இருந்து வரும் ஃபீனால் என்ற நச்சுப்பொருள், உயிரித் தொட்டியில் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியாவைக் கொல்லும். தனியாகச் சுத்தம் செய்து, ஆர்ஓ கழிவோடு எவாப்பரேட்டருக்கு அனுப்புவதே நல்லது.

வடிகட்டிய பிறகும் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் புகை வாடையோடு இருந்தால் ஆலத்தைக் கூட்டிப் பயனில்லை. அது கரைந்த தார். ஈர விறகிலிருந்தோ, காற்று போதாத அடுப்பிலிருந்தோ வருகிறது. விறகை நிழலில் காயவைத்து, அடுப்புக்குக் காற்றைச் சரிசெய்து, ஸ்க்ரப்பருக்கு முன்னால் ஒரு சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) வையுங்கள். பெருந்தூசி காய்ந்த நிலையிலேயே விழுந்துவிடும், தொட்டிச் சேறும் குறையும்.