மோட்டார்ஹோமில் பழைய நண்பர்களைத் தேடிச் செல்ல ஒரு வழிகாட்டி

உள்ளேயே தங்கி உறங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோமில் பழைய நண்பர்களைத் தேடிச் செல்லும் பயணத்தை ஆட்களின் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். வழி பின்னால் அமையும். பார்க்க விரும்புகிறவர்களுள் வயது முதிர்ந்தவர், உடல்நலம் குன்றியவர், எளிதில் விடுப்பு எடுக்க முடியாதவர் ஆகியோருக்கு மட்டும் தேதியை உறுதியாகக் குறித்துவிட்டு, மற்றவர்களிடம் வாரத்தை மட்டும் சொல்லி, இரண்டு நாள் முன்னதாக உறுதி செய்வதாகத் தெரிவிப்பது நல்லது. மோட்டார்ஹோம் காரைப் போல ஓடாது. ஏற்றத்தில் மெதுவாக ஏறும், பலத்த பக்கக்காற்றில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நாள்தோறும் ஒரு சந்திப்பு என்று வைத்துக்கொண்டால் ஒருவரோடும் நிம்மதியாக உட்கார்ந்து பேச முடியாது.

நண்பர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதுதான் பலரும் எண்ணிப் பார்க்காத பகுதி. புறப்படும் முன்பே தெருவையும் வாயிற்கதவையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூரைமேல் உள்ள ஏசி, ஆண்டெனா ஆகியவற்றையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஓட்டுநரின் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். தாழ்ந்த கிளைகளும் மின்கம்பிகளும் வீட்டுக்காரரின் நினைவுக்கே வராது. பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, திரும்பும்போது எதிர்ப்பக்கமாக வீசித் தூணில் இடிக்கும். சரிவான நுழைவாயிலில் தரையிலும் உரசும். மழையில் ஊறிய புல்தரையில் சக்கரம் புதைந்துவிடும். இடம் ஓரளவு சமமாக இல்லையெனில் சக்கரத்துக்கு அடியில் சாய்வுக்கட்டை வையுங்கள். தூக்கத்துக்காக மட்டுமன்று, எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டிகள் வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிர்விப்பதில்லை. இவை ஒத்துவராவிட்டால் இத்தகைய வண்டிகள் தங்குவதற்கென அருகிலுள்ள முகாம் மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு நண்பர் வீட்டுக்குச் செல்வதே மேல்.

போய்ச் சேரும் முன் கழிவுத்தொட்டிகளை அதற்குரிய இடத்தில் காலி செய்து, நல்ல தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடை என்பதால், அந்த நாளின் கடைசி நிறுத்தத்தில் நிரப்புவது வண்டிக்கு நல்லது. கழிப்பறைத் தொட்டியில் ஊற்றும் ரசாயனங்களுள் சில, செப்டிக் டேங்கில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். நண்பரே மனமுவந்து சொன்னாலும் அவர் வீட்டுக் கழிவுக்குழாயில் அந்தத் தொட்டியின் கழிவைக் கொட்ட வேண்டாம். அவர் வீட்டு மின்சாரத்தை எடுத்தால் ஏசியையும் வாட்டர் ஹீட்டரையும் ஒரே நேரத்தில் இயக்காதீர்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகக்கூடும் என்பதால் முழுவதும் பிரித்து விரித்த பின்பே இணையுங்கள்.

இரவில் உங்கள் வண்டியிலேயே உறங்குங்கள். பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும்போது உள்ளம் நிறைந்துதான் இருக்கும். ஆயினும் இரு தரப்புக்கும் தனித்திருக்கச் சில மணி நேரம் வேண்டும், மோட்டார்ஹோமின் ஆகப்பெரிய கொடையாக நான் கருதுவது இதைத்தான். விருந்தினர் அறையை ஒழுங்கு செய்யும் பரபரப்பு அவருக்கு இல்லை. காலையில் அவர் எழும்வரை காத்திருக்கும் சங்கடம் உங்களுக்கும் இல்லை. முதல் மாலையில் எந்த ஏற்பாடும் வேண்டாம். பொது நண்பர்களுள் மறைந்தவர்களைப் பற்றிய பேச்சு தானாக வரும். அதற்கு நேரம் விடுங்கள். இரண்டு இரவு பெரும்பாலும் போதும்.

மனம் ஒன்றிவிட்டால் அடுத்த ஊர்வரை உடன் வருமாறு நண்பரை அழையுங்கள். வழியில் இன்னொரு பழைய தோழரை இருவருமாகச் சென்று பார்ப்பது தனி மகிழ்ச்சி. ஆனால் பல மோட்டார்ஹோம்களில் படுக்கைகளைவிட சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் குறைவு என்பதால், அழைக்கும் முன் அவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். அவரும் வண்டியை ஓட்டுவதாக இருந்தால், அவருடைய உரிமம் அந்த எடைக்குச் செல்லுமா, காப்பீடு அவரையும் உள்ளடக்குமா என்று முன்பே கேட்டறியுங்கள். அவர் வீடு திரும்ப ரயிலோ பேருந்தோ கிடைக்கும் ஊரில் அந்தக் கட்டம் முடியும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.