அஞ்சல் குறியீட்டை இன்ட்டில் போடாதீர்கள்: டேட்டா டைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக புரோகிராமிங் படிக்கிறவர்கள் டேட்டா டைப் (தரவு வகை) பாடத்தை ஒரு சடங்கு மாதிரிக் கடந்துவிடுகிறார்கள். இன்ட் (முழு எண்), ஃபுளோட் (புள்ளி வைத்த எண்), ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று மூன்று பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, அப்புறம் எண் மாதிரித் தெரிவதையெல்லாம் இன்ட்டில் கொட்டுகிறார்கள்.

சிங்கப்பூர் மரீனா பே சேண்ட்ஸின் அஞ்சல் குறியீடு 018956. இதை இன்ட்டாக வைத்தால் 18956 ஆகிவிடும். கணினி வைத்துக்கொள்வது மதிப்பை மட்டும்தான், அதுவும் இரும எண்ணாக. முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பு கிடையாது என்பதால் அது காணாமல் போகிறது. தெம்பனிஸ், ஜூரோங் முகவரிகளை வைத்துச் சோதிக்கும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும், ராஃபிள்ஸ் பிளேஸ் முகவரி ஒன்று வந்து சேரும் நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள். எனவே டைப்பை முடிவு செய்யும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இதைக் கூட்டப் போகிறோமா, கழிக்கப் போகிறோமா? இரண்டு கைபேசி எண்களைக் கூட்டி என்ன கிடைக்கப் போகிறது? கணக்கு இல்லையென்றால் ஸ்ட்ரிங். பஸ் எண்ணும் அப்படித்தான், 170 இருக்கிற ஊரில் 170எக்ஸும் ஓடுகிறது.

எக்செல் இன்னும் மோசம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு எண்ணை 08-12 என்று தட்டினால் அது 8 டிசம்பர் ஆகிவிடும். பிறகு அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் வீட்டு எண் திரும்பி வராது. எக்செல் தேதியை 1900-லிருந்து எண்ணிய நாள்கணக்காக வைத்திருப்பதால், ஏதோ ஓர் ஐந்து இலக்க எண் பல்லிளிக்கும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த வரிசை முழுவதையும் டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும்.

அடுத்தது காசு. கோப்பி 1.10 வெள்ளி, பரோட்டா 2.20 வெள்ளி என்று வையுங்கள். பைத்தான் மொழியில் 1.1-ஐயும் 2.2-ஐயும் கூட்டினால் 3.3000000000000003 என்று வரும், ‘இது 3.3-க்குச் சமமா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். பைத்தானைத் திட்டிப் பயனில்லை, ஜாவாஸ்கிரிப்ட்டும் இதையேதான் சொல்லும். மூன்றில் ஒன்றைப் பதின்மத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, இருமத்தில் 0.1-க்கும் அதே கதி. 64 பிட்டுக்குள் அடக்க எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். பணத்தைக் காசாக மாற்றி இன்ட்டில் வைத்தால் 110, 220, கூட்டினால் 330, தொல்லை விட்டது.

முழுக்க விடவில்லை, சரி. 450 காசுக்கு 9% ஜிஎஸ்டி போட்டால் 40.5 காசு. அதைப் பைத்தானின் ‘ரவுண்ட்’ 41 ஆக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அது 40 ஆக்கும். சரிபாதியாக நிற்பதைப் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். உங்கள் ரசீதுக்கு எந்த முறை வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்து எழுதுங்கள். பதின்ம எண்ணைப் பதின்மமாகவே வைக்கும் ‘டெசிமல்’ வகையைப் பயன்படுத்துவதும் நல்லதுதான், ஆனால் அதற்கு 1.1-ஐ மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுக்க வேண்டும். ஃபுளோட்டாகக் கொடுத்தால் பழைய பிழையும் சேர்ந்தே உள்ளே போகும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பைத்தானில் பயனர் தட்டுவதை வாங்கும் ‘இன்புட்’ தருவது எப்போதும் ஸ்ட்ரிங். மாற்றாமல் 5-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 53. வரிசைப்படுத்தினால் 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

எழுத்துக்கு வருவோம், நம்மவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். ‘சிங்கப்பூர்’ என்பதில் நமக்குத் தெரிவது ஆறு எழுத்து. நீளத்தை எண்ணும் பைத்தானின் ‘லென்’ 11 என்கிறது, எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் அது 33 பைட். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் ‘சி’ என்பது ச, இகரக் குறி என்று இரண்டு குறியீடுகள், புள்ளியும் தனிக் குறியீடு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பெயர் அட்டைக்கு ‘முதல் 6 எழுத்து போதும்’ என்று வெட்டினால் முருகன் ‘முருகன’ ஆகிவிடுவார். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே பாதியில் உடைந்து கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும். வெட்டத்தான் வேண்டுமென்றால், உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்க்கிற நூலகத்தைக் கொண்டு வெட்டுங்கள்.

‘பொங்கல்’ என்று தேடி ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் ஒகரக் குறியைச் சந்தேகியுங்கள். அதை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒப்பிடும் முன், இப்படிப்பட்ட இரண்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் ‘கௌரி’யின் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் தட்டியிருந்தால் என்எஃப்சி கைகொடுக்காது, நாம்தான் தேடித் திருத்த வேண்டும்.

பழைய கோப்புகள் தனி ரகம். நம் ஊர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட 90-களில், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) வேறாக இருந்தது. 1997-இல் சிங்கப்பூரிலேயே கூடிய தமிழ்நெட்’97 மாநாட்டில் பேசப்பட்டதும் இந்தச் சிக்கல்தான். அந்தக் காலத்து டிஸ்கி (யூனிகோடு பரவுமுன் இருந்த ஒரு தமிழ்க் குறியாக்கம்) கோப்பைத் திறந்து இன்றைய யூனிகோடு எழுத்துருக்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை, யூனிகோடுக்கு உருமாற்றித்தான் ஆக வேண்டும்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பை எக்செலில் திறந்ததும் தமிழ்ப் பெயர்கள் அலங்கோலமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் கோப்பு நன்றாகத்தான் இருக்கும், எக்செல்தான் அதை வேறு குறியாக்கமாக நினைத்துக்கொண்டு வாசிக்கிறது. அந்த அலங்கோலத்தோடு ‘சேவ்’ மட்டும் அழுத்திவிடாதீர்கள். மூடிவிட்டு, டேட்டா பட்டியலிலிருந்து இறக்குமதி செய்து, குறியாக்கத்தில் யூடிஎஃப்-8-ஐக் குறிக்கும் 65001 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே அஞ்சல் குறியீட்டு வரிசையை டெக்ஸ்ட் ஆக்கவும் மறந்துவிடாதீர்கள்.