கணினி இயங்காதபோது விளக்குகளைப் படிக்கும் முறை

பொத்தானை அழுத்தியும் திரை இருண்டே கிடந்தால், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் கேபினெட்டின் பக்கப் பலகையை மட்டும் திறந்து, மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் முதன்மைப் பலகை) எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும். எந்தப் பாகம் கெட்டது என்று விளக்கு தீர்ப்புச் சொல்வதில்லை. இயங்கத் தொடங்கும்போது கணினி தன் பாகங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் தொடக்கச் சோதனை எந்தப் படியில் நின்றது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பழுதில்லாத ரேமை மாற்றிவிட்டு, அதே விளக்கு மீண்டும் எரிவதைக் கண்டு திகைப்பவர்கள் பலர்.

கணினி அணைந்திருந்தாலும், மின்இணைப்பு இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். அதைக் காட்டும் சிறு விளக்கு உங்கள் போர்டில் இருந்து, அது எரியவில்லையென்றால், மின்கம்பியையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்சையும் 24 முனை இணைப்பையும் சரிபார்க்க வேண்டும். விளக்கு எரிந்தும் விசிறி சுழலவில்லையென்றால், கேபினெட்டின் பவர் பொத்தானைச் சந்தேகிக்கலாம். அதன் கம்பி செருகப்படும் இரு ஊசிகளை மட்டும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொடச்செய்து, கணினி உயிர்பெற்றால், பழுது பொத்தானிலோ அதன் கம்பியிலோதான். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் இந்த விளக்கு சில நொடிகள் மங்கலாக எரியக்கூடும். அது முழுவதும் அணையும்வரை எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது.

அண்மைக்கால மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம் எனும் நினைவகம்), விஜிஏ (திரைக்கான கிராபிக்ஸ்), பூட் (இயங்குதளம் உள்ள வட்டு) என்று பெயரிட்ட நான்கு விளக்குகள் ஓர் ஓரத்தில் இருக்கும். சோதனை நடக்கையில் இவை ஒவ்வொன்றாக மின்னி அணைவது இயல்பு. அணையாமல் நின்றுவிடும் விளக்கே நாம் தேடுவது. சிபியு விளக்கு நின்றால், பிராசசருக்கு அருகில் செருக வேண்டிய 8 முனை மின்இணைப்பு விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய பிராசசரைப் பழைய பயாஸ் (மதர்போர்டிலுள்ள தொடக்க மென்பொருள்) அறியாமலிருப்பதும் இதற்குக் காரணமாகலாம்.

அடிக்கடி நிற்பது டிராம் விளக்குதான். எல்லா ரேம்களையும் கழற்றி, ஒன்றை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாவதாக உள்ள இடத்தில் செருகிப் பார்க்க வேண்டும். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே பூட்டு இருப்பதால், அந்தப் பக்கம் 'டிக்' என்று விழுந்த பிறகும் மறுமுனை சற்றுத் தூக்கியபடி நிற்கக்கூடும். இரு முனைகளையும் அழுத்திப் பார்ப்பது அவசியம். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் போட்ட கணினி முதன்முறை இயங்கும்போது, நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. அந்நேரத்தில் டிராம் விளக்கு எரிவது பழுதன்று, பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினால் அந்த வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எந்த ரேமை எந்த இடத்தில் போட்டாலும் விளக்கு அணையவில்லையென்றால், பிராசசரைக் கழற்றிச் சாக்கெட்டை உற்றுப்பாருங்கள். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதால், வளைந்த ஓர் ஊசியோ அளவுமீறி முறுக்கிய பிராசசர் கூலரோகூட ரேம் பழுதைப் போலத் தோன்றச் செய்யும்.

விஜிஏ விளக்குக்குக் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிச் செருகி, அதன் தனி மின்இணைப்பையும் மானிட்டர் கம்பியையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். பூட் விளக்கு நின்றால் அவ்வளவு கவலை வேண்டாம். பயாஸுக்குள் சென்று சேமிப்பு வட்டான எஸ்எஸ்டி பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள்.

நிறுவனங்கள் முழுமையாக விற்கும் கணினிகளில் பெரும்பாலும் பவர் பொத்தானே சிமிட்டிச் செய்தி சொல்லும். டெல் மாடல்கள் பலவற்றில் ஆம்பர் நிறம் இருமுறையும் வெள்ளை மும்முறையும் சிமிட்டினால், ரேம் கண்டறியப்படவில்லை என்று பொருள். இந்தக் குறியீடு மாடலுக்கு மாடல் மாறுவதால், சிமிட்டலைக் கைப்பேசியில் படம்பிடித்து, நிதானமாக எண்ணி, அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

கணினி இயங்கியும் மிக மெதுவாக இருந்து, ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தால், வட்டு பழுதாகிவருவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், வேறெந்தச் சோதனைக்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.