பழைய வர்த்தமானியும் பூட்டனாரின் பென்சனும்: கொலனிக் காலத்து விதிகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் காணி உறுதிகளுக்கு அடியில் யாரோ ஒரு பூட்டனாரின் பென்சன் கடதாசி பெரும்பாலும் இருக்கும். இப்போது அதைப் படம் பிடித்து, இணையத்தில் கிடைத்த பழைய வர்த்தமானிப் (அரசாங்க கெசற்) பக்கம் ஒன்றையும் சேர்த்து, "வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் இப்படித்தான்" என்று குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அதை நம்பிச் சட்டத்தரணியிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வரலாற்று மலரில் அப்படியே அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களே இதில் சறுக்குகிறார்கள். பென்சனோ கனிமமோ, எந்த அரசாங்கம் போட்ட விதி, எந்த ஆண்டில், யாருக்காகப் போட்டது என்று பார்ப்பதற்கு முன்பே உள்ளடக்கத்துக்குள் போய்விடுவதுதான் காரணம்.

பேரரசு ஒன்றாக இருந்தாலும் கஜானாக்கள் பல. இதை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் சில ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை நிர்வாகம் இங்கே கோலோச்சியது உண்மை. 1798இல் தேசாதிபதி (ஆளுநர்) வந்தார், 1802இல் இலங்கை நேரடியாகப் பிரித்தானிய முடிக்குரிய கொலனி ஆயிற்று. அதற்குப் பிறகு சென்னை மாகாணத்தில் போட்ட கனிம விதிக்கும் சிப்பாய்ப் பென்சன் விதிக்கும் பாக்கு நீரிணைக்கு இப்பால் எந்த வலுவும் இல்லை. சென்னை ஆவணங்கள் தமிழிலும் கிடைப்பதால் நம்மவர்கள் அவற்றை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஜமீன்தாருக்கு நிலத்தடிப் பொருளில் உரிமை உண்டா என்ற கேள்வி உண்டு. இங்கே ஜமீன்தாரே இல்லை. ஒல்லாந்தர் எழுதிய தோம்பு என்ற காணிப் பதிவேடு, தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டம், ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டம், அப்புறம் பிரித்தானியரின் கட்டளைச் சட்டங்கள் என்று நம் காணி வந்த வழி வேறு.

மலாயாப் பக்கமும் இதே கதைதான். ஊரில் "சிங்கப்பூர்ப் பென்சன்" என்றால் கடல் கடந்து வந்த எல்லாக் காசும் அதற்குள் அடங்கும். ஆனால் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றம் ஒரு அரசாங்கம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1895 உடன்படிக்கையால் இணைந்து, 1896இலிருந்து இயங்கிய கூட்டு மலாய் மாநிலங்கள் வேறொன்று. கெடா, ஜொகூர் போன்றவை தனித்தனி. நம்மூர் ஆட்கள் ரயில்வேயிலும் பொதுவேலைத் திணைக்களத்திலும் கிளாக்குகளாகவும் பெருமளவில் இருந்தது இரண்டாவதில். பூட்டனார் ஈப்போவில் வேலை செய்தவர் என்றால் சிங்கப்பூர்க் கோப்பில் அவரைத் தேடிப் பயனில்லை. கடதாசியின் தலைப்பில் எந்த அரசாங்கத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது ஆட்களையே மாற்றிவிடும் குழப்பம். 1860களின் இலங்கைக் கடிதம் ஒன்றில் மலாய்ப் பென்சனியர்கள் என்று வந்தால், அவர்கள் இலங்கை ரைபிள் ரெஜிமென்டில் சேவை செய்து ஓய்வுபெற்ற மலாய்ச் சிப்பாய்கள். 1930களின் யாழ்ப்பாணத்தில் மலாயன் பென்சனியர் என்றால் அவர் நெற்றியில் திருநீறு பூசிய, கோலாலம்பூரில் ரயில் ஓட்டியோ கணக்கெழுதியோ திரும்பிய நம்மூர்த் தமிழர். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, "எங்கள் பூட்டனார் படையில் இருந்தவர்" என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ரைபிள் ரெஜிமென்ட் 1873இல் கலைக்கப்பட்டது. அதற்குப் பின் பிறந்த ஒருவர் அதில் பென்சன் எடுத்திருக்க வழியே இல்லை. அந்தப் படையில் மலாயரே பெரும்பங்கு, ஆபிரிக்க வம்சத்தவரும் இருந்தார்கள். கலைந்தபோது ஆபிரிக்கச் சிப்பாய்கள் சிலர் புத்தளம் பக்கம் குடியேறினார்கள், அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சம்பளம் வாங்கிய இடம் இலங்கையானாலும் அது பிரித்தானியப் படையின் ரெஜிமென்ட். ஆகவே ஆட்களின் பதிவுகளை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் யுத்த அமைச்சுத் தொகுதிகளிலும் தேட வேண்டும். கச்சேரிப் (மாவட்ட அரச அலுவலகம்) பேரேட்டில் பெயர் இல்லை என்பதற்காக அந்த மனிதர் இருந்ததே பொய் என்று முடிவுகட்ட முடியாது.

சரி, காசுக்கு வருவோம். தொகையை இன்றைய ரூபாவாகப் பார்த்து "அடேயப்பா, இவ்வளவுதானா!" என்று பரிதாபப்படுவதும் தவறு, எந்த நாணயம் என்று பாராமல் கணக்குப் போடுவதும் தவறு. ஆரம்ப காலக் கடதாசிகளில் வருவது றிக்ஸ்டொலர் என்ற நாணயம், 'பணம்' என்ற சிறு நாணயம் 12 சேர்ந்தால் ஒரு றிக்ஸ்டொலர். 1825இல் ஒரு றிக்ஸ்டொலர் 1 சிலிங் 6 பென்ஸ் என்று மதிப்பிட்டு ஸ்ரேர்லிங் என்ற பிரித்தானிய நாணயக் கணக்குக்கு மாறினார்கள் (12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண்). 1872இலிருந்து 100 சதம் கொண்ட ரூபா. தொடக்கத்தில் ரூபா ஏறத்தாழ 2 சிலிங். வெள்ளி விலை விழுந்ததால் அந்த நூற்றாண்டின் கடைசியில் அது 1 சிலிங் 4 பென்சுக்கு வந்து நின்றது. இதன் பலனைப் பாருங்கள். மாதம் ஒரு ஸ்ரேர்லிங் பவுண் பென்சன் உள்ளவருக்கு 1872இல் கையில் வந்தது 10 ரூபா அளவில். 1900இல் அதே பவுணுக்கு 15 ரூபா. பென்சனை யாரும் கூட்டிக்கொடுக்கவில்லை, நாணயம் அசைந்தது, அவ்வளவுதான்.

மலாயன் பென்சனியருடைய கல்வீடு எப்படி எழும்பியது என்பதற்கும் இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. 1906இல் மலாயாவில் புழங்கிய நீரிணை டொலர் 2 சிலிங் 4 பென்ஸ் என்று கட்டப்பட்டது. 100 டொலர் என்றால் 2800 பென்ஸ். 16 பென்ஸ் ஒரு ரூபா என்ற கணக்கில் 175 ரூபா. 1927இல் ரூபா 18 பென்சுக்கு ஏறியதும் அதே 100 டொலர் 155 ரூபாச் சொச்சமாகக் குறைந்தது. ஒரே ஆளுடைய இரண்டு காலத்துப் பற்றுச்சீட்டில் தொகை வேறுபட்டால் தண்டனையாகக் குறைத்தார்கள் என்று கதை கட்டுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

விதி எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1833இல் சட்டவாக்க சபை வருமுன் தேசாதிபதி போட்டவை ஒழுங்குவிதிகள். தேசவழமைக்கு வலுக்கொடுத்த 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம் அந்த வகை. பிறகு வந்தவை கட்டளைச் சட்டங்கள். வர்த்தமானியில் சட்ட வரைவுகளும் அச்சாகும். வரைவைச் சட்டமென்று வாசித்துவிடுகிற பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது. நிறைவேறியதா, பின்னர் நீக்கப்பட்டதா என்று பார்க்காமல் ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்டாதீர்கள்.

பென்சன் விடயத்தில் இந்த வேறுபாடு நெஞ்சைத் தொடும். சிவில் உத்தியோகத்தரின் பென்சனை ஆண்டது ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு என்ற விதித் தொகுப்பு. அரச ஊழியருக்கு ஓய்வூதியம் பெற முழுமையான உரிமை கிடையாது என்ற பொருளில்தான் அதன் முதல் விதியே இருக்கிறது. முப்பது வருடம் உழைத்தவருக்கும் அதே விதிதான். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்குப் பென்சன் இல்லை. எனவே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து அவரோடு இருந்த எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இனிக் கனிமம். ரோயல்டி, ஏற்றுமதித் தீர்வை, அரச ஏகபோகம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இங்கே வழமை. முடிக்குரிய காணியில் தோண்டி எடுத்ததில் அரசாங்கம் கேட்கும் பங்கு ரோயல்டி. துறைமுகத்தில் அறவிடுவது தீர்வை, அது தனியார் காணியில் எடுத்த பொருளையும் விடாது. கேகாலை, குருநாகல் பக்கத்துக் காரீயக் (பென்சில் கரி, கிராபைட்) கணக்குகளைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேராக்கின் வெள்ளீயத்தில் அரசாங்கத்துக்குப் பெருவருமானம் தந்ததும் ஏற்றுமதித் தீர்வைதான். உப்பு வேறு விடயம். அன்று அது அரசாங்கத்தின் ஏகபோகமாக இருந்தது, தன் காணியோரத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளியவனும் குற்றவாளி. மன்னார் முத்தும் சங்கும் கனிமமே அல்ல, அவற்றைத் தனிக் கணக்கில் தேடுங்கள்.

இன்றைக்கும் கை சுடக்கூடிய தவறு சுண்ணக்கல்லில் இருக்கிறது. "உறுதி எங்கட பேரில், வெள்ளைக்காரன் காலத்து உறுதி, அதில் கனிமம் ஒதுக்கப்படவில்லை, ஆகவே கல் எங்கட" என்று வாதாடுகிறார்கள். பிரித்தானிய முடியரசு கொடுத்த சில காணிகளின் உறுதியில் கனிம ஒதுக்கீடு எழுதப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்து வளவுகளில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாகத் தனியார் கையில் இருந்தவை என்பதால் அந்த வாசகம் இருக்காது. வரலாறாக அது சரி. ஆனால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டம், நிலம் யாருடையதாக இருந்தாலும் கனிப்பொருள் குடியரசுக்கு உரியது என்கிறது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கல்லுக்கோ மணலுக்கோ இறங்கிவிட்டுத் தோம்பையும் உறுதியையும் நீட்டினால் வழக்கு நிற்காது. நிலத்தடி நீரைத் தாங்கி நிற்பதும் அந்தச் சுண்ணக்கல்தான் என்பதால், இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

விதவைகள் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டனார் இறந்தபின் பூட்டிக்குப் பென்சன் வந்திருக்கும் என்று எல்லோரும் ஊகிக்கிறார்கள். அந்தக் காலத்துப் பென்சன் ஆளோடு முடிவது. மனைவிக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அவர் சேவையில் இருந்தபோதே விதவைகள் அநாதைகள் நிதிக்குச் சம்பளத்தில் கட்டியிருக்க வேண்டும். இலங்கையில் அதற்கான கட்டளைச் சட்டம் 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம். ஆகவே பூட்டியின் பெயரை அந்த நிதியின் பேரேட்டில் தேடுங்கள். பூட்டனாருடைய பெயரைக் கொலனியின் ஆண்டுத் தரவுநூலான நீலப் புத்தகத்தின் பென்சன் பட்டியலில் தேடுங்கள். பெயர், தொகை, எந்தச் சேவைக்காக, என்ன காரணத்துக்காக என்று நிரை நிரையாக இருக்கும். அவர் மலாயாவில் இருந்தவர் என்றால் இலங்கை நீலப் புத்தகத்தில் தேட வேண்டாம், அங்கத்தைய அரசாங்கத்தின் பதிவுகளைக் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது திணைக்களம், கடைசியாக வேலை செய்த நிலையம், ஓய்வுபெற்ற ஆண்டு மூன்றையும் குறிப்பிடுங்கள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அதனால் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கக்கூடுமோ அத்தனை விதமும் கடிதத்தில் இருக்கட்டும்.